விபூதிப் பட்டையும் விழாத மரமும்

பயந்த மனிதன் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. பயந்த மனிதன் சுறுசுறுப்பானவனாகவும் இருந்துவிட்டால்தான் ஆபத்து. நான் அந்த இரண்டாவது ரகம். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தால், நடுங்குகிற அந்தக் கையாலேயே ஏதாவது ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிட்டுத்தான் ஓய்வேன். (இதற்கு என் வீட்டில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசியில் சொல்கிறேன்.)

என் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. சொந்த ஊர் பாலசமுத்திரம். பெயர் தண்டபாணி. கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கிய கையோடு எஸ்.டி.டி. பூத் வைத்தேன். நான் கண்ணாடிக் கதவு மாட்டிய நேரம் பார்த்து ஊரில் ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒரு செல்போன் முளைத்தது. சரியென்று பூத்தை மூடிவிட்டு, பண்ணைக்காட்டில் மாமாவின் தோட்டத்தில் வெனிலா கொடி ஏற்றினேன். அப்போது வெனிலா காய்க்குத் தங்கத்தின் விலை. என் கொடி காய்த்த வருஷம் கத்தரிக்காயின் விலை. கடைசியில் அந்தக் காயை வீட்டில் பாயசத்தில் போட்டுக் குடித்தோம். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“மாப்ள, அடுத்து நீ எந்தத் தொழில்ல எறங்கப் போறேன்னு கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிரு. அதுல இருக்கிறவங்க வெளிய வந்துக்கிருவாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குள் அது முள் மாதிரி நின்றுவிட்டது. நான் கால் வைத்த இடம் விளங்காது என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் எனக்கு டாக்டர் எஸ்தரின் கம்பெனியில் வேலை கிடைத்தது.

பெருமாள்மலைக்குக் கொஞ்சம் மேலே, கொடைக்கானல் போகிற ரோட்டின் ஒரு வளைவில், மேடத்தின் அப்பா விட்டுப்போன பழைய பங்களா. அதுதான் கம்பெனி. ஸ்டார்ட்-அப் என்கிற வார்த்தை அப்போது எங்கள் மலைக்கு ஏறியிருக்கவில்லை. மாதம் பிறந்ததும் சம்பளம் வந்தால் ‘புதுக் கம்பெனி’ என்போம். தாமதமானால் ‘சின்னக் கம்பெனி’ என்போம்.

என்ன தயாரித்தோம் என்று சொன்னால் அன்றைக்கு யாரும் நம்பவில்லை. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நம்புவதில்லை. பிரிண்டரில் மை இருக்கிறதல்லவா? அந்த மைக்குப் பதிலாக ஒரு கூழ். காகிதத்துக்குப் பதிலாக ஒரு கண்ணாடித் தட்டு. அந்தக் கூழில் உயிருள்ள செல்களைக் கலந்து, மெஷினில் ஏற்றி, கோலப்பொடி இழுப்பது மாதிரி இழை இழையாக, அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டே போனால், ஒரு நாள் அது தோலாக வளரும். தீயில் வெந்துபோன உடம்பில் அதை ஒட்டலாம். உடம்பே தன்னைத் திரும்ப வளர்த்துக்கொள்ள நாம் ஒரு பந்தல் போட்டுக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். பந்தல் போட்டும் காரியம் உருப்படாமல் போகும் என்பதை வெனிலாவில் பார்த்தவன் என்பதால் எனக்கு இது உடனே புரிந்துவிட்டது.

எங்கள் வேலை அந்தக் கூழ். ராமேஸ்வரம் பக்கத்துக் கடல்பாசியிலிருந்து எடுத்த மாவையும் ஜெலட்டினையும் சேர்த்து மேடம் அதைக் காய்ச்சுவார். ரொம்ப நீர்த்தால் இழை நிற்காது. ரொம்ப இறுகினால் செல் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். மதுரை வெயிலில் அது ரசமாக ஓடும். கொடைக்கானல் குளிரில் சொன்ன பேச்சைக் கேட்கும். கம்பெனி மலை ஏறியதற்கு அதுதான் காரணம்.

ஆட்கள் மொத்தம் மூன்று பேர். மேடம். ஸ்டோர்ஸ், ஜீப், ஜெனரேட்டர், கரண்ட் ஆபீசில் கெஞ்சுவது எல்லாவற்றுக்கும் நான். மூன்றாவது, லேப் டெக்னீஷியன் செல்வராணி. அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். வீட்டுப் பேச்சின் வாசனை அவள் வாயில் அப்படியே இருந்தது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அண்ணன் என்றும் கூப்பிட மாட்டாள். ‘ஸ்டோர்ஸ்காரரே’ என்பாள். அதிலேயே பாதித் திட்டு அடங்கியிருக்கும்.

அந்த வருஷம் புரட்டாசியில் கம்பெனியின் கதை ஒரே ஒரு மனிதரின் தலையாட்டலில் வந்து நின்றது. மதுரையில் வெகுகாலம் தீக்காய வார்டைப் பார்த்துக்கொண்ட சர்ஜன் சோமசுந்தரம். பணம் போடுவதாக இருந்த சென்னைக்காரர்கள், “அவர் நேரில் பார்த்துச் சரி என்று சொன்னால் தருகிறோம்” என்று சொல்லிவிட்டார்கள். அவர் சரி என்றால் கம்பெனி ஓடும். இல்லையென்றால் தீபாவளியோடு பங்களாவைப் பூட்ட வேண்டியதுதான். அவருக்கு ஒழிந்த நாள் விஜயதசமி.

ஆகவே ஆயுத பூஜையன்று காலையில், மேடம் வாடகைக் காரில் மதுரைக்குக் கிளம்பினார். மறுநாள் சர்ஜனையும் கூட்டிக்கொண்டு, அங்கே ஒரு லேபில் வளர்த்து வைத்திருந்த செல்களையும் ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மேடம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பொரி, கடலை, மாலை எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

“பாணி, ஜீப்புக்குப் போடுங்க, ஜெனரேட்டருக்குப் போடுங்க, கம்ப்யூட்டருக்குப் போடுங்க. மெஷின் ரூமுக்குள்ள மட்டும் எதுவும் வேணாம். அது ஸ்டெரைல் ரூம். ப்ளீஸ். ஓகே?”

“ஓகே மேடம்.”

மத்தியானம் செல்வராணி கூழைக் காய்ச்சி வடித்து, மெஷினின் தலையில் இருந்த கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மூடினாள். உள்ளே ஒரு சின்னத் துடுப்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

“நாளைக்கு வெள்ளனே வரைக்கும் இது சுத்தட்டும். மூடியில கை வைக்கப்படாது. விளங்குதா?”

“விளங்குது.”

“விளங்கின முகமாத் தெரியலையே, ஸ்டோர்ஸ்காரரே.”

அவள் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நான் தனியாகப் பூஜையைத் தொடங்கினேன். ஜீப்புக்குச் சந்தனம். ஜெனரேட்டருக்குச் செவ்வந்தி மாலை. கம்ப்யூட்டர், தராசு, கேட் பூட்டு, விளக்குமாறு வரைக்கும் பொட்டு. எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தால், மூன்று குடும்பமும் எந்த மெஷினை நம்பி இருக்கிறதோ அது மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் நெற்றியோடு நிற்கிறது.

எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

விளக்குமாற்றுக்குப் பொட்டு வைத்தவன் இதை விட்டால் சாமி என்ன நினைக்கும்? நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால்? பூத் போச்சு. வெனிலா போச்சு. இதுவும் போனால், இந்தியாவில் நான் கெடுக்காத தொழில் என்று பாக்கி இருப்பது ராணுவமும் ரயில்வேயும்தான்.

ஆனால் நான் பொறுப்பானவன். ஸ்டெரைல் என்று மேடம் சொன்னதை மறந்துவிடவில்லை. லேபில் சாமான்களை நீராவியில் வேகவைத்துக் கிருமி கொல்கிற ஒரு பெரிய குக்கர் உண்டு. அதற்குள் சந்தனத்தை வைத்தேன். குங்குமத்தை வைத்தேன். விபூதியை வைத்தேன். எலுமிச்சம்பழத்தையும் வைத்தேன். சந்தனத்தை ஸ்டெரிலைஸ் செய்த முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன். சந்தனம் பாயசமாக வந்தது. எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்குப் பாதி வழி போயிருந்தது.

முறைப்படி கோட்டு, தொப்பி, முகமூடி, கையுறை போட்டேன். கையுறை மேல் ஸ்பிரிட் அடித்தேன். உள்ளே போய் மெஷினின் நெற்றியில் மூன்று பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். அப்பா, என்ன களை! கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தபோதுதான் உடம்பெல்லாம் ஸ்பிரிட் என்பது ஞாபகம் வந்தது. (என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அந்தத் தீக்குச்சியைக் கிழிக்காதது.) பதிலுக்கு, பிளாஸ்டிக் பையில் போட்ட செல்போனின் டார்ச்சை எரியவிட்டு, மெஷினைச் சுற்றி ஆரத்தி காட்டினேன்.

அப்போது ஒரு சந்தேகம். படையலை யாராவது மூடி போட்டுப் படைப்பார்களா? சாமி எப்படிப் பார்க்கும்?

மூடியைத் திறந்தேன்.

கொஞ்ச நேரம்தான். ஒரு சிட்டிகை விபூதியை எடுத்து, பூசாரி மாதிரி, மெஷினைப் பார்த்து வீசினேன். அந்த ரூமில் கிருமி வராமலிருக்க மேலிருந்து எப்போதும் காற்று இறங்கிக்கொண்டிருக்கும். வீசியது பனி மாதிரி பரவி அழகாகக் குடுவைக்குள் இறங்கியது. பதறிப்போய் எலுமிச்சம்பழத்தைச் சீக்கிரம் இரண்டாகப் பிளந்து குங்குமம் தடவி வைத்துவிட்டு வெளியேறிவிடலாம் என்று, குங்குமம் ஒட்டிய கட்டை விரலால் அழுத்தினேன். வெந்த பழம். பீய்ச்சியடித்தது. எங்கே விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உற்றுப் பார்த்தேன். துடுப்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூடிவிட்டு வந்து, திருப்தியாகப் பொரி சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் குடுவைக்குள் ரோஸ் மில்க் நிறத்தில் ஒரு இட்லி இருந்தது.

துடுப்பு அதற்குள் சிக்கி நின்றுபோயிருந்தது. குளிரில் உறைந்திருக்கும், மலைப் பனியல்லவா, சூடு காட்டினால் இளகிவிடும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். வெந்நீர்த் துணியைச் சுற்றினேன். இளகவில்லை. தொப்பிக்குள் போட்டிருந்த என் மங்கி கேப்பைக் கழற்றிக் குடுவைக்குப் போட்டேன். இளகவில்லை. மெஷினை ஓடவிட்டேன். அது கொஞ்ச நேரம் முக்கிவிட்டு, பிள்ளை துப்பின மிட்டாய் மாதிரி ஒரே ஒரு கட்டியைத் தட்டில் துப்பியது.

“யார் இது, மெஷினுக்குக் குல்லா போட்டது?”

வாசலில் செல்வராணி. அவள் பார்வை குல்லாவிலிருந்து இறங்கி மூன்று பட்டைக்கு வந்தது. பட்டையிலிருந்து இட்லிக்கு வந்தது. இட்லியிலிருந்து எனக்கு வந்தது.

“எல்லாமே வேகவைச்சுத்தான் போட்டேன், செல்வராணி. குக்கர்ல...”

“கதைக்க வேணாம். நீங்க இப்ப ஒண்ணும் கதைக்க வேணாம்.” அவள் ஏற்கெனவே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். “எல்லாத்தையும் கழட்டிக் கழுவணும். புதுசாக் காய்ச்சணும். பாசி மாவு கரையணும், நுரை அடங்கணும். மத்தியானம் ஆகிடும். மேடத்துக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொல்லுங்க. அவங்க மெதுவா வரட்டும். உள்ளதை மட்டும் சொன்னாப் போதும், விளங்குதா?”

எவ்வளவு சுலபமான வேலை பாருங்கள். உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும்.

மேடம் அப்போது பண்ணைக்காடு பிரிவில் ஒரு டீக்கடையில் இருந்தார். போனில் அவர் குரல் கேட்டதும், என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

“மேடம், ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு மேடம்.”

“அய்யோ. எங்க?”

“நம்ம பங்களா வளைவுலதான்.”

“பெரிய மரமா?”

“பெருசு மேடம். வேரோட. அதுக்கடியில ஒரு மாடு...”

“மாடு செத்துருச்சா?”

“இல்ல மேடம். மாடு தப்பிச்சிருச்சு.” (அந்த மாடு ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்லவேளை, கொல்லாமல் விட்டேன்.)

மேடம் கொஞ்சம் யோசித்தார். “பெட்டியில செல் இருக்கு பாணி. ரொம்ப நேரம் தாங்காது. ஒண்ணு பண்றோம். மரம் வரைக்கும் காரில வந்து, இறங்கி, அதைத் தாண்டி நடந்தே வந்துர்றோம். சாருக்கும் ஓகேயாம். நீங்க மரத்துக்கிட்ட வந்து நில்லுங்க, பெட்டியை வாங்கிக்கணும்.”

போன் வைக்கப்பட்டது. எனக்கு இப்போது அவசரமாக ஒரு மரம் தேவைப்பட்டது.

காலையில் மெஷின் ரூமுக்காகப் போட்ட கோட்டு, தொப்பி, முகமூடி, கையுறையோடு அப்படியே ரோட்டுக்கு ஓடினேன். கேட்டுக்குப் பக்கத்தில் போன வாரக் காற்றில் முறிந்த தைல மரக் கிளை ஒன்று கிடந்தது. மரம் என்று சொல்ல முடியாது. மரத்தின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். அதை இழுத்து ரோட்டுக்குக் குறுக்கே போட்டேன். பாதி ரோட்டைத்தான் மறைத்தது. கொஞ்சம் நகர்த்தினேன். அந்தப் பக்கம் பாதி திறந்தது. இப்படி நான் அதற்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வத்தலக்குண்டு பஸ் வளைவில் முனகிக்கொண்டு வந்து நின்றது.

கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏலே, என்னடா இது, கம்பவுண்டருக்குப் பேய் புடிச்சிருச்சா?”

“மரம் விழுந்திருச்சுங்க” என்றேன் முகமூடிக்குள்ளிருந்து.

“எங்க?”

“இந்தா.”

“இதுவா மரம்? எங்க வீட்டு முருங்கை பெருசுய்யா. நீயே இழுத்துப் போட்டதை மேல வளைவுல இருந்தே பார்த்துட்டுத்தானே வாரோம்!”

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் சிரித்த சிரிப்பில் ஹாரன் அமுங்கியது. பின்வாசல் வழியாக ஒரு அம்மா இறங்கி வந்தார். கிளையை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இது உனக்கு வேணுமாப்பா?”

வேண்டும் என்று எப்படிச் சொல்வது? வேண்டாம் என்றும் எப்படிச் சொல்வது?

“வேணாம்னா அடுப்புக்கு ஆச்சு. வெரசாத் தூக்கி மேல போடுங்கப்பா. காயட்டும்.”

இரண்டு பேர் இறங்கி அதைப் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். கட்டும்போது நானும் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தேன். (ஆபத்தில் உதவாமல் இருக்க முடியுமா?) பஸ் கிளம்பிப் போயிற்று. அது கீழே இறங்கிய கையோடு, கீழேயிருந்து வாடகைக் கார் ஏறி வந்து நின்றது.

மேடம் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒல்லியாக, நிமிர்ந்து, மஃப்ளர் சுற்றிய ஒரு பெரிய மனிதர். இருவரும் சுத்தமான, ஈரமான, ஆளில்லாத ரோட்டைப் பார்த்தார்கள். நடுவில் ஆபரேஷனுக்குத் தயாரான கோலத்தில் நான் மட்டும்.

“மரம் எங்க, பாணி?”

“பஸ்ல போயிருச்சு மேடம்.”

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வெளியே போய், மலையில் மோதி, திரும்பி என் காதிலேயே விழுந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. விபூதி, எலுமிச்சம்பழம், டார்ச் ஆரத்தி, மூடி, இட்லி, மங்கி கேப், இல்லாத மாடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பேசி முடித்தபோது முகமூடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

மேடம் பெட்டியின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கையில் மாற்றிக்கொண்டு சொன்னார்: “இதைப் போன்லயே சொல்லியிருந்தா, பெட்டிக்குப் புது ஐஸ் போட்டுட்டு, இன்னொரு டீ குடிச்சிட்டு வந்திருப்பேன், பாணி.”

சர்ஜன் என்னைத் தாண்டி பங்களாவுக்குள் நடந்தார்.

மெஷின் ரூம் வாசலில் செல்வராணி கையை நீட்டி மறித்தாள். “மன்னிக்கோணும் சார். நீங்களும் கோட்டு, தொப்பி போட்டுத்தான் உள்ளுக்கு வரணும். இண்டைக்கு நான் யாரையும் நம்புறதா இல்லை.” பெரிய மனிதர் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார்.

குடுவையிலிருந்து எடுத்த ரோஸ் இட்லி ஒரு தட்டில் தனியாக இருந்தது. மெஷினின் பட்டை மட்டும் இன்னும் அழியாமல் இருந்தது. சர்ஜன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எங்க ஆபரேஷன் தியேட்டர்லயும் வருஷா வருஷம் பூஜை உண்டும்மா. கத்தரிக்குப் பொட்டு, கத்திக்குப் பொட்டு, லைட்டுக்கு மாலை. சிஸ்டருங்க விடவே மாட்டாங்க.” என் பக்கம் திரும்பினார். “பூஜை போட்டது தப்பில்லய்யா. ஆனா நாங்க பூஜையை முடிச்சுட்டுக் கழுவுவோம்.”

மேடம் ஒரு கத்தியால் இட்லியை வெட்டினார். வெட்டிய முகம் ஓட்டை இல்லாமல், வழவழவென்று இருந்தது. அவர் முகத்தில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, வகுப்பில் பாடம் எடுக்கிறவரின் முகம் வந்தது. கடல்பாசிக் கூழுக்குச் சுண்ணாம்புச் சத்து பட்டால் இறுகும். விபூதியில் அது நிறைய. ஆனால் அது சும்மா கரையாது, புளிப்பு பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விடும். எலுமிச்சம்பழம் அதைச் செய்திருக்கிறது. அதனால்தான் ராத்திரி முழுக்க மெதுவாக, எல்லா இடத்திலும் ஒரே சீராக இறுகியிருக்கிறது என்று விளக்கினார்.

என் மனசுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் அடித்தது. அப்படியென்றால் நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டேனா? பத்திரிகையில் என் போட்டோ வருமா? மாமாவுக்கு இரண்டு காப்பி அனுப்ப வேண்டும்.

“மேடம், இது புதுசா?” என்று கேட்டேன்.

“இல்ல பாணி. எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு.”

“ஓ.”

“பழைய புத்தகத்துலயே இருக்கு.”

சர்ஜன் கேள்வி மேல் கேள்வி கேட்டார். வார்டில் குளிர் இல்லையென்றால் இது என்னவாகும்? கெட்டுப்போனால் நர்ஸுக்கு எப்படித் தெரியும்? மேடம் தெரிந்ததற்குப் பதில் சொன்னார். தெரியாததற்கு, “இன்னும் தெரியல சார்” என்றார். அந்தப் பக்கம் செல்வராணி புதுக் கூழின் நுரை அடங்கக் காத்திருந்தாள். நான் வெளியே, பெட்டிக்குப் புது ஐஸ் போட்டுவிட்டு, அதற்குள் இருக்கிற செல்கள் சாகக் கூடாது என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை தூரத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு.

மத்தியானம் தாண்டிக் கூழும் செல்லும் கலந்து மெஷின் ஓடியது. இழை நின்றது. இழை மேல் இழை விழுந்தது. தபால்தலை அளவுக்கு, சல்லடை மாதிரி ஒரு சதுரம். ஆனால் உள்ளே இருப்பது உயிரோடிருக்கிறதா என்பதுதானே கேள்வி? அதற்கு ஒரு சாயம் உண்டு. போட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உயிருள்ள செல் பச்சையாக மின்னும். செத்தது சிவப்பாகத் தெரியும். என் இட்லியால் அந்தப் பெட்டி எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது என்று எனக்குத் தெரியும். பூத், வெனிலா, அடுத்து இது.

சர்ஜன் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. மேடம் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். (அடிக்கத் தோதான தூரத்தில்தான் நின்றிருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.)

“இங்க வாய்யா, மரக்காரரே” என்றார் சர்ஜன்.

போனேன். கண்ணை வைத்தேன். கார்த்திகைக்கு ஊரெல்லாம் அகல் ஏற்றியதை மலை மேலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. ஆனால் எல்லாம் பச்சை. அங்கே இங்கே நாலைந்து சிவப்பு. மீதி அத்தனையும் பச்சை.

“பார்த்தியா? உன் விபூதி இல்லாமலே பொழைச்சிருக்கு” என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, பச்சையெல்லாம் கலங்கிவிட்டது. “தள்ளுங்க, லென்ஸில ஒழுகப்போகுது” என்று செல்வராணி என்னைப் பின்னால் இழுத்தாள்.

நான் நேரே பங்களாவில் நான் தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பையில் துணிகளை எடுத்து வைத்தேன். யாரும் சொல்வதற்கு முன்னால் போய்விடுவது மரியாதை. ஜீப் சாவியை மேடத்தின் மேஜையில் வைத்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சாவியை ஏன் இங்க வைக்கிறீங்க? சாரை யாரு மதுரையில கொண்டுபோய் விடறது? வாடகைக் காரை அனுப்பிட்டேனே.”

“மேடம், நான்...”

“இருட்டுறதுக்குள்ள மலை இறங்கணும். கிளம்புங்க. அப்புறம் பாணி, ரோட்டுல மரம் ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

இவ்வளவுதான் என் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை.

ஜீப் ஊத்து என்கிற ஊரைத் தாண்டியது. சர்ஜன் தானாகவே சொன்னார். “சரின்னு எழுதப் போறேன். எல்லாம் ஒழுங்கா நடந்திருந்தா, கூழ் நல்லாருக்குன்னு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். கெட்டுப்போனதாலதான் அந்தப் பொண்ணுங்க எப்படின்னு தெரிஞ்சுது. வார்டுல எனக்கு அதுதான் முக்கியம்.” கொஞ்சம் கழித்து, “உனக்குப் பொய் சுத்தமா வரலய்யா. அதுவும் நல்லதுதான். விட்டுரு” என்றார்.

மலை அடிவாரம் வந்ததும் இன்னொரு யோசனையும் சொன்னார். “பூஜையை நிறுத்திராத. ஆனா கோயில்ல எப்படி? மூலவர் கருவறையை விட்டு அசைய மாட்டார். ஊர்வலம், மாலை, கூட்டம், எலுமிச்சம்பழம் எல்லாம் உற்சவருக்குத்தானே? உங்க மெஷினுக்கும் ஒரு உற்சவர் பாரு.”

பார்த்தேன். முதன்முதலில் மேடம் பிரித்துப் போட்டுச் சோதனை செய்த பழைய ஆபீஸ் பிரிண்டர் ஒன்று ஸ்டோரில் தூசியாகக் கிடந்தது. அன்றிலிருந்து அதுதான் எங்கள் உற்சவர். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம், பட்டை, மாலை. ஜீப்பில் ஏற்றிப் பங்களாவைச் சுற்றி ஊர்வலம். இப்போது கம்பெனியில் நிறையப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே மூலவர் யார், உற்சவர் யார் என்று சொல்லிக் கொடுத்துவிடுவோம். நாங்கள் இன்னும் யாருக்கும் முழுத் தோலை அச்சடித்துக் கொடுத்துவிடவில்லை. அதற்குக் காலம் ஆகும். ஆனால் எங்கள் கூழ் பல லேப்களுக்குப் போகிறது. நான் கால் வைத்தும் மூடாத ஒரே தொழில் அதுதான். இதை எழுதும்போதுகூடக் கண் படக் கூடாது என்று மர மேஜையைத் தொட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

செல்வராணி இப்போதும் என்னை ஸ்டோர்ஸ்காரரே என்றுதான் கூப்பிடுகிறாள், வீட்டில். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்தபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை, உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும் என்பது. பிரசவத்துக்கு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, வலியோடு வலியாக என் கையைப் பிடித்து, “டாக்டரிட்ட மரம் கிரம்னு ஒண்ணும் சொல்லிவைக்காதீங்க” என்றுவிட்டுப் போனாள். பிறந்த மகள் அம்மாவின் நாக்கோடு பிறந்தாள். நான் பதற்றத்தில் எதையாவது செய்யக் கிளம்பினால், “அம்மா, அப்பா மரம் வெட்டக் கிளம்பிட்டார்” என்பாள். அதுதான் ஆரம்பத்தில் சொன்ன பெயர்: மரம் வெட்டுவது. வீட்டில் எது காணாமல் போனாலும், சாவியோ சாக்ஸோ மார்க் ஷீட்டோ, எல்லாரும் சேர்ந்து ஒரே பதில்தான் சொல்வார்கள். “பஸ்ல போயிருச்சு.”

சர்ஜனுக்கு இப்போது ரொம்ப வயதாகிவிட்டது. காதும் மந்தம். ஆனாலும் வருஷா வருஷம் விஜயதசமி காலையில் என் போன் அடிக்கும். நலமா என்றுகூடக் கேட்க மாட்டார்.

“என்னய்யா, கழுவியாச்சா?”

“கழுவியாச்சு சார்!” என்று அவர் காதில் விழுகிற மாதிரி நான் கத்துவேன். அடுப்படியிலிருந்து செல்வராணி எட்டிப் பார்த்து, அது உண்மைதானா என்று ஒரு முறை என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போவாள்.